மூக்குத்தி அவரை: காயும் வேண்டும், விதையும் வேண்டும்

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விதையைக் கேட்டுத்தான் வரும். "அக்கா, மூக்குத்தி அவரை விதை இருக்கா?" கேட்பவர் போன வருசமும் வாங்கிப் போனவராக இருப்பார். "நல்லாத்தான் காய்ச்சுதுங்க்கா. தினமும் பறிச்சோம், சாம்பார்ல போட்டோம், பக்கத்து வீட்டுக்கும் குடுத்தோம். கடைசியில விதைக்குன்னு போய்ப் பார்த்தா ஒண்ணையும் காணோம்."

வெண்டையிலோ கத்தரியிலோ இப்படி ஆவது குறைவு. இலைக்கு அடியில் கண்ணுக்குத் தப்பிய வெண்டைக்காய் நாலு முற்றி, அதுவே அடுத்த போகத்துக்கு விதையாகிவிடும். மூக்குத்தி அவரையில் நாம் சாப்பிடுவது பூவின் காம்பை. அந்தக் காம்பின் நுனியில்தான் விதைக்கூடு உட்கார வேண்டும். காம்பைக் கிள்ளினால் விதையும் அதோடு போச்சு. பறிப்பதற்கு முன்பே விதைக்கு என்று ஒதுக்கிவைக்காதவர்களுக்கு இந்தக் கொடி எதையும் மிச்சம் வைக்காது. ஐந்து விதை உள்ள பொட்டலத்துக்கு வருசா வருசம் யாரையாவது எதிர்பார்த்து நிற்பது நம்ம மாதிரி ஆட்களுக்குச் சரிப்படாது. அதனால் விதைப்பதில் தொடங்கி விதை எடுப்பது வரை எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பெயரில் அவரை இருக்கிறதே தவிர, இதற்கும் அவரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வள்ளைக்கீரை, கடற்கரை மணலில் படரும் அடம்பு, ஏரி குளத்தை அடைத்துக்கொண்டிருக்கும் நெய்வேலி காட்டாமணக்கு, இவை எல்லாம் இதன் பங்காளிகள். காலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருங்குகிற ஊதாப் புனல் பூக் கொடிகளை வேலிகளில் பார்த்திருப்பீர்கள். அவையும் இந்தக் கூட்டம்தான். தாவரவியலில் இதன் பெயர் ஐப்போமியா மூரிகேட்டா. தண்டைத் தடவிப் பாருங்கள், முள் மாதிரி சின்னச் சின்ன மெத்தென்ற முண்டுகள் கையில் தட்டும். பெயரின் பின்பாதி அதைத்தான் சொல்கிறது. கேரளத்துக்காரர்கள் இதை நித்திய வழுதனை என்கிறார்கள். தினமும் பறிக்கலாம் என்பதால் நித்தியம்.

பெயர் எப்படி இருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. அவரை என்று நம்பி, "வேர் முடிச்சு இருக்கும், தழைச்சத்து பிடிச்சுத் தரும்" என்று இதை மண் வளத்துக்காக ஊடுபயிராகப் போட நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதன் வேரில் முடிச்சு கிடையாது. மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிற பயிர்தான் இது. இன்னொன்று, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு இந்தக் குடும்பத்துக் காட்டுக் கொடிகளிலும் தங்கிப் பிழைக்கும். கிழங்கு போட்டிருப்பவர்கள் அதே வயலின் வேலியில் இதை ஏற்ற வேண்டாம். தோட்டத்தின் மறுமூலை போதும்.

இப்போது விதைக்கு வருவோம். மிளகைவிடப் பெரிதாக, கருப்பாக, வழவழப்பாக இருக்கும். ஒரு பக்கம் உருண்ட முதுகு, மறுபக்கம் சற்றுச் சப்பை. சப்பைப் பக்கத்தின் அடியில் சின்னக் குழி தெரிகிறதே, அதுதான் கூட்டோடு ஒட்டியிருந்த இடம். விதையின் தொப்புள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முளை கிளம்புவது அதன் பக்கத்திலிருந்துதான். தோல் கல் மாதிரி இறுகியிருக்கும், தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே மண்ணில் போட்டால் ஒன்று ஐந்தாம் நாள் வரும், இன்னொன்று மூன்று வாரம் கழித்து வரும், மற்றொன்று அடுத்த மழைக்கு வரும். எல்லாம் ஒரே மழைக்கு முளைத்து ஒரே வறட்சிக்கு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்தச் செடி செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. காட்டில் அதற்கு அது நல்லது. கையில் ஐந்தே விதை வைத்திருக்கும் நமக்கு நல்லதில்லை.

ஆகவே தோலைக் கொஞ்சம் கீற வேண்டும். உருண்ட முதுகுப் பக்கத்தில், தொப்புளுக்கு நேர் எதிரே, நெயில் கட்டரால் ஓரத்தை லேசாகக் கிள்ளுங்கள். உள்ளே வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவுக்குத் தெரிந்தால் போதும். பருப்பை வெட்டிவிடக் கூடாது. கட்டர் இல்லையென்றால் உப்புத்தாளிலோ அம்மிக்கல்லின் சொரசொரப்பான விளிம்பிலோ தேய்க்கலாம். என் மாமியார் அம்மியில் தேய்ப்பதைத்தான் விரும்புவார்: "கட்டர்ல கிள்ளுனா உள்ள எவ்வளவு போகுதுன்னு தெரியாதும்மா. தேய்ச்சா கைக்கே தெரியும்." அவர் சொல்வது சரிதான். ஆனால் நூறு விதை என்றால் எனக்குக் கட்டர்தான் தோது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் தோல் இளகும் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கிற ஐந்து விதையில் அந்தப் பரீட்சை வேண்டாம்.

கீறியதை இரவு தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் பார்க்கும்போது உப்பி, கிட்டத்தட்ட இரட்டிப்பாக இருக்கும். உப்பாமல் கல்லாகவே கிடக்கும் விதையைத் தூக்கி எறியாதீர்கள். அது செத்த விதை இல்லை, கீறல் ஆழமாக விழவில்லை, அவ்வளவுதான். இன்னொரு முறை தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். உப்பிய விதையைத் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் அழுகும். அன்றைக்கே மண்ணுக்குப் போக வேண்டும். பீஜாமிர்தத்தில் நனைப்பதென்றாலும் சூடோமோனாஸ் ஒரு சிட்டிகை பிசறுவதென்றாலும் ஊறிய பிறகு, விதைப்பதற்குச் சற்று முன் செய்யுங்கள். தோல் திறந்த விதையைக் கரைசலில் மணிக்கணக்கில் ஊறவைக்க வேண்டாம்.

ஆழம் 1 முதல் 1.5 செ.மீ. நேரடியாக நிற்க வேண்டிய இடத்திலேயே குழிக்கு 2 விதையாக ஊன்றுவது உத்தமம். இதன் ஆணிவேர் முரண்டு பிடிக்கும், பிடுங்கி நட்டால் பத்து நாள் முகம் சுளித்து நிற்கும். எலி, நத்தை தொல்லை உள்ள இடமென்றால் அடியில் ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையிலோ செய்தித்தாள் கூம்பிலோ முளைக்கவிட்டு, இரண்டாவது நிஜ இலை வருமுன் மண்ணோடு இறக்கிவிடுங்கள். கீறிய விதை ஆடி வெக்கைக்கு மூன்று நாலு நாளில் தலைகாட்டும். முதலில் வரும் விதையிலை இரண்டும் நடுவில் ஆழமாகப் பிளந்து, பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இருக்கும். அடுத்து வருவது இதய வடிவ இலை. களையெடுக்கும் ஆட்களுக்கு இந்த விதையிலையை முன்கூட்டியே காட்டிவையுங்கள்.

குழிக்கு மக்கிய தொழுவுரம் இரண்டு கை, பிறகு மூடாக்கு. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஜீவாமிர்தம் வேர்ப்பக்கம் விட்டால் போதும். பஞ்சகவ்யம் 3 சதம் ஒன்றிரண்டு முறை தெளிக்கலாம், அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கோழி எருவையும் புண்ணாக்கையும் கொட்டினால் இலை தாமரை மாதிரி வரும், பூ வராது. இந்தக் குடும்பமே அப்படித்தான், மண் கொஞ்சம் இளைப்பாக இருந்தால் சீக்கிரம் பூக்கும்.

ஏறுவதற்குக் கயிறோ கிளுவை வேலியோ பந்தலோ, எதுவானாலும் சரி. பீர்க்கு, பாகல் மாதிரி பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். அதனால் மூங்கில் மாதிரி பருமனானதைவிடத் தென்னங்கயிறு மாதிரி மெல்லியதைத்தான் நன்றாகப் பிடிக்கும். நாம் எடுத்துச் சுற்றிவிடும்போது ஒன்று கவனியுங்கள்: மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசைக்கு எதிராகத்தான் இது சுற்றும். மாற்றிச் சுற்றிவிட்டால் மறுநாள் அவிழ்ந்து தொங்கும். பலரும் "கொடி பிடிக்க மாட்டேங்குது" என்பது இதனால்தான்.

எப்போது விதைப்பது என்பதை மழையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. இந்தக் கொடி இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது. நம்ம ஊரில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், நமக்கே சரியாகத் தெரியாது. கொடிக்குத் தெரிகிறது. ஆடியில் ஊன்றினால் நீண்ட பகலில் கொடி வளர்ந்து பந்தலை நிறைத்துக்கொள்ளும். புரட்டாசியில் இரவு நீளத் தொடங்கும்போது கணுவுக்குக் கணு மொக்கு விடும். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும், காய் நாலு கூட்டுக்கு வராது. இதன் நெருங்கிய உறவான ஜப்பானிய ஊதாப் பூக்கொடியில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். விதையிலை மட்டும் விரிந்த நாற்றுக்கு 16 மணி நேர இருட்டு ஒரே ஒரு இரவு கொடுத்தாலே அது மொக்கு கட்டத் தொடங்குகிறது. அந்த இருட்டின் நடுவில் சற்று நேரம் வெளிச்சம் காட்டினால் மொக்கு கட்டுவதில்லை. விடிய விடிய எரியும் தெருவிளக்குக்கு நேர் கீழே எங்கள் கொழுந்தன் வீட்டுப் பந்தல் இருக்கிறது. அங்கே கொடி செழிப்பாக இருக்கும், பூ மட்டும் எங்களுக்கு வந்து பல நாள் கழித்துத்தான் வரும். மாடித் தோட்டத்துக்காரர்கள் இதை மனதில் வைத்து இடம் பாருங்கள்.

பூ சாயங்காலம் விரியும். வெளிர் ஊதா, நீளமான குழல். விடிந்து வெயில் ஏறினால் வாடிவிடும். பகலில் தோட்டத்துக்கு வருபவர்கள் "பூக்கவே இல்லையே, காய் எப்படி வந்துச்சு" என்று கேட்பதுண்டு. டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு நாள் ராத்திரி போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டிய காட்சி. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சிகள் பூ முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். வாலில் கொம்போடு விரல் தண்டிக்கு ஒரு புழு இந்த இலையைத் தின்னுமே, அது வளர்ந்தால் இப்படிப்பட்ட அந்துப்பூச்சிதான். இலையைத் தின்றவனே பூவுக்கும் வருகிறான். நான் அந்தப் புழுவுக்கு மருந்து அடிப்பதில்லை. கொடி சின்னதாக இருக்கும்போது மட்டும் கையால் எடுத்து, வேலியோரத்துக் காட்டுக் கொடிகளில் விட்டுவிடுவேன். பந்தல் நிறைந்த பிறகு அது தின்பது ஒரு கணக்கே இல்லை. மழை விடாமல் கொட்டி, பூச்சி எதுவும் பறக்க முடியாத இரவுகளுக்குப் பிறகும் காய் பிடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அடைமழை என்று கவலைப்பட வேண்டாம்.

பூ உதிர்ந்ததும் காம்பு தடிக்கத் தொடங்கும். கிராம்பு மாதிரி, மூக்குத்தி மாதிரி, அடி மெலிந்து தலை பருத்து நிற்கும். நகத்தால் கிள்ளினால் சடக்கென்று ஒடிய வேண்டும். நார் இழுத்தால் நாள் கடந்துவிட்டது. நுனியில் புல்லிவட்டத்தோடு இருக்கும் பிஞ்சு விதைக்கூட்டை நாங்கள் கிள்ளிப் போட்டுவிட்டுத் தடித்த காம்பை மட்டும்தான் சமைக்கிறோம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். பொரியல், சாம்பார், புளிக்குழம்பு எதற்கும் வரும். தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்குவது எங்கள் வீட்டில் சீக்கிரம் தீர்கிற பதம்.

இனி முக்கியமான விசயம். மொக்கு வரும்போதே விதைக் கொடியைக் குறித்துவிடுங்கள். காயைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் நம்ம வழக்கம். "இது நல்ல தடியான காய், விதைக்கு விட்டுடலாம்" என்போம். ஆனால் ஒரே கொடியில் தடித்த காயும் மெலிந்த காயும் ஒரே தாயின் பிள்ளைகள். அந்தக் காய் தடித்ததற்கு அது உட்கார்ந்த கணுவும் அந்த வாரத்து மழையும் காரணமாக இருக்கலாம். தேர்வு கொடிக்குக் கொடி நடக்க வேண்டும். எந்தக் கொடி முன்னால் பூத்தது, எதில் காம்பு தடிப்பாக, நார் தாமதமாக வருகிறது, எது நோயில்லாமல் நின்றது என்று முதல் பத்துப் பதினைந்து நாள் பறித்துப் பாருங்கள். பிறகு அந்தக் கொடிகளில் சிவப்புத் துணி கட்டுங்கள். துணி கட்டிய கொடியில் அதற்குப் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும்தான். ஒரே ஒரு கொடிதான் இருக்கிறதென்றால் அதில் ஒரு பக்கக் கிளையை ஒதுக்குங்கள். ஐந்தாறு கொடி இருந்தால் குறைந்தது இரண்டு மூன்றிலிருந்தாவது விதை எடுத்துக் கலந்து வையுங்கள், ஒற்றைக் கொடியின் வாரிசையே திரும்பத் திரும்பப் பெருக்க வேண்டாம்.

கடைசி வரை பறித்துவிட்டு, தை மாதம் மிஞ்சும் நாலைந்தை விதைக்கு விடுவது ஒப்பேறாது. கொடி அப்போது காய்ந்துகொண்டிருக்கும், கூடு சிறுத்து விதை பாதி சொத்தையாக இருக்கும். முன்பாதியில் பிடித்த காய்தான் விதைக்கு. ஒரு கூட்டில் நன்றாக அமைந்தால் 4 விதை. 10 கூடு விட்டால் 40 வரை கிடைக்கும், உங்களுக்கும் போதும், நாலு பேருக்கும் தரலாம். அந்த 10 காம்பை நீங்கள் ஒரு வேளைப் பொரியலில்கூடப் போட்டுத் தீர்த்திருப்பீர்கள்.

கூடு பச்சையிலிருந்து பழுப்பாகி, காகிதம் மாதிரி சலசலக்கும்போது எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்தால் கூட்டுக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். நாலு நாள் வெயில் அடித்த பிறகு மதியத்தில் பறியுங்கள். நிழலில் ஒரு வாரம் காயவைத்து, கூட்டை நொறுக்கிப் புடைத்து, சாம்பல் கலந்து மண்கலயத்திலோ கண்ணாடி பாட்டிலிலோ வைத்தால் தோலின் இறுக்கமே விதையைக் காப்பாற்றும். ரகப் பெயர், விதைத்த மாதம், பறித்த மாதம் எழுதின சீட்டு உள்ளேயே இருக்கட்டும். "கீறி ஊறவைத்து விதைக்கவும்" என்று அதில் ஒரு வரி சேர்த்தால், விதையை வாங்கிப் போனவர் முளைக்கவில்லை என்று போன் செய்ய மாட்டார்.

அந்தச் சீட்டில் இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும்: "விதை உண்ணக் கூடாது." காம்பு உணவு, விதை உணவில்லை. இந்த விதையை நாட்டு மருத்துவத்தில் பேதிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அளவு தெரிந்தவர்கள் செய்த வைத்தியம் அது. இதில் லைசர்கால் என்ற ஆல்கலாய்டு இருக்கிறது. கம்புக் கதிரில் தேன் ஒழுகல் நோய் வந்தால் தானியத்தில் சேர்கிற நஞ்சும் இதே வகையறாதான். தேன் ஒழுகலுக்குக் காரணம் ஒரு பூஞ்சை என்பது நமக்குத் தெரியும். இந்தக் கொடிக் குடும்பத்திலும் சிலவற்றின் இலையின் மேற்பரப்பில் ஒரு பூஞ்சை குடியிருந்து அந்த ஆல்கலாய்டைச் செய்கிறது என்றும், விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்றும் கண்டுபிடித்து 2011ல் அந்தப் பூஞ்சைக்குப் பெரிக்லாண்டுலா என்று பெயரும் வைத்தார்கள். செடிக்கு நோய் தராமல், ஆடு மாடு தின்னாமல் காவல் காக்கும் கூட்டாளி. நமக்கு வேண்டியது இதுதான்: முற்றிய கூட்டைச் சமைக்காதீர்கள், குழந்தைகள் எடுத்துக் கடிக்கும் இடத்தில் காயவைக்காதீர்கள், புடைத்த தூசியைத் தவிட்டோடு மாட்டுக்கு வைக்காதீர்கள். பூச்செடிக்கென்று கடையில் விற்கும் ஊதாப்பூக் கொடி விதைகளை வாங்கி "இதுவும் அதுதானே" என்று காம்பைச் சமைக்கிற வேலையும் வேண்டாம். அவை வேறு இனம். அதோடு மருந்து பூசின விதையாகவும் இருக்கலாம்.

தை கடைசியில் கொடி காய்ந்ததும் அறுத்து இறக்கும்போது கீழே ஒரு சாக்கோ தார்பாயோ விரியுங்கள். உதிரும் விதை ஒவ்வொன்றும் கல்தோலோடு மண்ணில் வருசக்கணக்கில் கிடந்து, நினைத்த மழைக்கு முளைக்கும். அமெரிக்காவில் கரும்பு, பருத்தி வயல்களில் இந்தக் குடும்பத்துக் கொடிகள் பெரிய களை. நெய்வேலி காட்டாமணக்கு நம்ம ஏரிகளை என்ன செய்திருக்கிறது என்று சொல்லவே வேண்டாம். எனவே வாய்க்கால் கரையிலும் ஓடை ஓரத்திலும் இதை ஏற்ற வேண்டாம். பந்தலடியில் அடுத்த ஆடிக்குப் பட்டாம்பூச்சி விதையிலையோடு தானாக முளைத்து நிற்பவற்றில் தேவையான இரண்டை வைத்துக்கொண்டு, மற்றதைக் கொடி ஏறுமுன் பிடுங்கி மூடாக்கில் போட்டுவிடுங்கள்.